உதிரும் முன்பே

நன்றாக எரிந்துகொண்டிருக்கும் டியூப் லைட்டை ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் அவருடைய குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். கழற்றிய டியூப்பைப் பழைய பனியன் துணியால் துடைத்து, கைக்குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார்.

"இன்னும் கொஞ்ச நாள் எரியும் டீச்சர். உங்க வூட்ல போட்டுக்குங்க."

"எரியுதுன்னா உங்க வீட்லயே எரியட்டுமே சார்?"

"அணைஞ்சப்புறம் மாத்தறது மெயின்டனன்ஸ் இல்லீங்க. அதுக்குப் பேரு பிரேக்டவுன்."

இதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இருக்காது. பிரேக்டவுன் என்ற சொல்லை மற்றவர்கள் சாவு என்று சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். அவர் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் பல வருஷம் குக்கர் கேஸ்கெட் வாங்கவில்லை, ஃபேன் கண்டென்சர் வாங்கவில்லை, சைக்கிள் டயர்கூட வாங்கவில்லை. பக்கத்து வீட்டிலேயே நமக்கு ஒரு ஸ்டோர்ஸ் இருக்கிறது என்று என் கணவர் கேலி செய்வார். அவருக்கு வேண்டாம் என்று ஆனது எங்களுக்கு நன்றாகவே உழைத்தது.

அவர் தெர்மல் மின்நிலையத்தில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தார். அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லரும் குழாய்களுமாக மொத்த யூனிட்டையும் நிறுத்தி, ஆறவிட்டு, திறந்து, கெட்டுப்போனதை மட்டுமல்லாமல் கெடப்போவதையும் மாற்றுவார்கள். ஷட்டவுன் என்பார்கள். மற்றவர்களுக்கு அது வேலை. அவருக்கு அது திருவிழா. அந்த நாட்களில் கண்கள் சிவந்து, சட்டையெல்லாம் சாம்பல் படிந்து வீடு திரும்புகிறபோதுதான் அவர் முகத்தில் நிம்மதியைப் பார்க்கலாம். பிளாக்கில் எல்லோரும் அவரை ஷட்டவுன் சார் என்றுதான் சொன்னோம். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. கோபித்துக்கொண்டதில்லை.

வலிக்காத பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் அவர். பின்னால் வலிக்கும் என்று யாரோ சொன்னார்களாம். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். அந்த அக்கா ஒரு பாவப்பட்ட ஜீவன். சிரித்துச் சிரித்தே தன் துக்கத்தையெல்லாம் சொல்லி முடித்துவிடுவார்.

அவர்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு பலா மரம் இருந்தது. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து யாரோ எப்போதோ கொண்டுவந்து நட்ட நல்ல ஜாதி மரம். அடிமரத்திலிருந்தே காய்க்கும். அந்த மரத்தின் பழத்தை மட்டும் யாரும் தின்றதில்லை. பழுத்துக் கனத்தால் யார் தலையிலாவது விழும் என்று, உள்ளங்கை அளவு பிஞ்சாக இருக்கும்போதே அறுத்துப் போட்டுவிடுவார். சித்திரை மாதம் முழுக்க எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் பலாப்பிஞ்சுக் கூட்டு. எனக்குப் பலாப்பழம் என்றால் உயிர். அந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

கேலி பேசிய எங்கள் வாயையெல்லாம் 'தானே' என்று பேர் வைத்த புயல் அடைத்தது. பிளாக்கில் மரம் விழாத வீடில்லை. எங்கள் வீட்டு முன்னறை ஓட்டுக்கூரையைப் பிளந்துகொண்டு ஒரு வேப்பங்கிளை உள்ளே வந்து நின்றது. அவர் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழைக்காலம் தொடங்கும் முன்பே கிளைகளையெல்லாம் கழித்து மரங்களை மொட்டையாக நிறுத்தியிருந்தார். அன்றைக்கு எங்கள் வரிசையே அவர் வீட்டில்தான் கஞ்சி குடித்தது. "நான் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. ஆனால் அன்றுமுதல் அவரை எதிர்த்துப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. ஒரு மனிதர் ஒரு தடவை சரியாக இருந்துவிட்டால் அதன்பிறகு அவரைத் தடுப்பது கஷ்டம். அவரே தன்னைத் தடுப்பது இன்னும் கஷ்டம்.

இந்தக் குணம் எங்கே பிடித்தது என்று அக்காதான் ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டே சொன்னார். சார் பிறந்தது மேல்பட்டாம்பாக்கம். மண்சுவர் வீடு. ஒரு ஐப்பசியில் சுவரில் விரிசல் கண்டது. அவருடைய அப்பா, மழை விடட்டும் பார்த்துக்கலாம் என்றாராம். மழை விடவில்லை. சுவர் விழுந்தது. சுவரோரம் அவருடைய தங்கை பாயில் படுத்திருந்தாள்.

"இப்பகூட மழ பெஞ்சா தூங்கமாட்டார் டீச்சர். எழுந்து போயி சுவத்தத் தடவிப் பாத்துகினு இருப்பார். குவார்ட்டர்ஸ் சுவரு எங்க வுழும்?" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பிறகு அவர் டியூப் லைட்டோடு வந்தால் வாங்கி வைத்துக்கொள்வேன். கேலி பேசுவதை விட்டுவிட்டேன்.

அவருக்கு ஒரே மகன், சரவணன். என்னிடம் விலங்கியல் படித்தவன். நல்ல உயரம், வெண்கலக் குரல். பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் மைக் இல்லாமல் பேசுவான். கபடியும் நன்றாக ஆடுவான். மாவட்ட அணிக்கு எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த வாரமே அப்பா பள்ளிக்கு வந்து, மகனுக்கு மூட்டு பலவீனம் என்று பி.டி. வாத்தியாரிடம் சொல்லிப் பெயரை எடுக்க வைத்தார். சரவணன் என்னிடம் வந்து, "என் மூட்டுக்கு என்ன டீச்சர்?" என்று கேட்டான். அவன் மூட்டுக்கு ஒன்றுமில்லை. இனிமேல் உடையலாம் என்பதுதான் அதன் நோய். இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஏதோ சொல்லி அனுப்பினேன்.

அவருக்கு முதுகு வலி வந்து கனமான வேலை ஆகாது என்றானபோது, ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருஷங்களுக்குத் தோட்டப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதில் நர்சரிக்குப் பின்னால் இருந்த மான் வேலியும் அவர் பொறுப்பில் வந்தது. மான் பார்க் என்று பேர். கம்பி வேலிக்குள் ஒரு துண்டு நிலம், ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலைந்து வேப்ப மரம், கொஞ்சம் புள்ளிமான்கள். நான் வருஷாவருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போவேன். கொம்பைக் காட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

மாட்டுக் கொம்பு வேறு, மான் கொம்பு வேறு. மாட்டுக்கு ஒரு தடவை முளைத்தது ஆயுசுக்கும் நிற்கும். மானுக்கு, அதிலும் ஆண் மானுக்கு மட்டும், ஒவ்வொரு தடவையும் முழுசாக விழுந்து முழுசாக முளைக்கும். முளைக்கிறபோது அது எலும்பாக இறுகியிருக்காது. மெத்தென்ற ரோமத் தோல் போர்த்தி, உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் பிஞ்சு. தொட்டால் சூடாக இருக்கும். அந்த நாட்களில் மான் தன் தலையைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிதான் தூக்கிக்கொண்டு நடக்கும். சண்டை வந்தாலும் கொம்பை நீட்டாது. பின்னங்காலில் எழுந்து முன்னங்காலால் அடிக்கும். நாலைந்து மாதத்தில் கொம்பு முற்றும். ரத்த ஓட்டம் நின்று தோல் வறண்டு நாராகத் தொங்கும். மரத்தில் தேய்த்துத் தேய்த்து உரிக்கும். அப்புறம்தான் அது ஆயுதம். பெட்டைகளுக்காக மற்ற ஆண்களோடு மோதும் காலம் அது. அந்தக் காலம் முடிந்ததும் உடம்பில் சுரப்பு குறையும். கொம்பின் அடிவேரில் எலும்பு தானாகக் கரையும். ஒரு நாள் தலையை உதறும்போதோ புதரில் நுழையும்போதோ கழன்று விழும். விழுந்த கொம்பை மற்ற மான்கள் சுண்ணாம்புச் சத்துக்காகக் கடித்துத் தின்னும்.

பிள்ளைகளுக்கு ஆச்சரியம் என்னவென்றால் ஒரே வேலிக்குள் ஒன்றுக்குக் கொம்பு முற்றியிருக்கும், ஒன்றுக்குப் பிஞ்சாக இருக்கும், ஒன்று மொட்டைத் தலையோடு நிற்கும். குளிர்நாட்டு மான்களுக்கு இதற்கென்று ஒரு பருவம் உண்டு. நம் புள்ளிமானுக்கு அப்படிக் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம்.

அங்கே தீனி போட்டுப் பார்த்துக்கொண்டவர் அஞ்சலையக்கா. திருவதிகைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. மூன்று ஆண் மான்களுக்கும் அவர் பேர் வைத்திருந்தார். பெரியவன், இளையவன், மொட்டையன். மொட்டையனுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்றால், அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று அதற்குக் கொம்பு விழுந்திருந்தது. பிறகு எத்தனை தடவை கொம்பு முளைத்தாலும் அது மொட்டையன்தான்.

ஒரு நாள் காலை பெரியவனும் மொட்டையனும் கொம்பு மாட்டித் தள்ளிக்கொண்டபோது அஞ்சலையக்கா தண்ணீர்த் தொட்டிக்கும் வேலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். புடவை கிழிந்தது. இடுப்பில் ஒரு கீறல். அவ்வளவுதான். ஓடிவந்து பார்த்த ஷட்டவுன் சார் முகம் வெளுத்துப்போய் நின்றாராம்.

"அதுங்க மேல தப்பு இல்லீங்க சார். ரெண்டும் தள்ளிகினு இருக்கசொல்ல நான்தான் குறுக்கால போயிட்டேன்" என்று அஞ்சலையக்கா சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"இன்னிக்கு புடவை. நாளைக்கு வயிறு."

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் டியூப் லைட் இல்லை. விலங்கியல் டீச்சரிடம் சந்தேகம் கேட்க வந்திருந்தார்.

"மானுக்குக் கொம்பு எந்த மாசம் டீச்சர் முத்தும்?"

"மாசம்னு இல்ல சார். ஒவ்வொண்ணுக்கும் வேற வேற."

"அப்ப எந்த மாசம் அறுக்கலாம்?"

தெரிந்ததைச் சொன்னேன். முற்றிய கொம்பை அறுத்தால் வலி இல்லை, நகம் வெட்டுகிற மாதிரிதான். சில இடங்களில் செய்கிறார்கள். ஆனால் பிஞ்சில் கை வைக்கக்கூடாது, அது உயிருள்ள சதை. அதைவிட முக்கியமானதையும் சொன்னேன். கொம்போடு கொம்பு மாட்டிக்கொள்வதால்தான் அவை வெறுமனே தள்ளிப் பலம் பார்த்துவிட்டுப் பிரிகின்றன. ஆயுதமும் அதுதான், கேடயமும் அதுதான். ஒன்றுக்கு இருந்து ஒன்றுக்கு இல்லாமல் போனால் முனை நேராக உடம்பில் போய் இறங்கும்.

"தானா விழுந்தா பரவால்ல சார். அப்ப உடம்புல முறுக்கும் சேந்து இறங்கியிருக்கும். ஓரமா ஒதுங்கி மேஞ்சிட்டிருக்கும், சண்டைக்கே போகாது. நாம அறுத்தா முறுக்கு அப்படியே இருக்கும். கொம்பு மட்டும் இருக்காது."

எல்லாவற்றையும் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்றது சரிதான். அதான் எல்லாத்துக்கும் ஒரே நாள்ல முடிக்கணும்ங்கிறேன். ஒரு யூனிட்டத் திறந்தா உள்ள இருக்கறது அத்தனையும் ஒரே மூச்சில மாத்திடணும். பாதி பழசு பாதி புதுசுன்னு வுட்டா, புதுசு பழச ஒடைச்சிரும்."

"மான் பாய்லர் டியூப் இல்ல சார்."

"எல்லாம் ஒண்ணுதான் டீச்சர். கவனிக்கலன்னா ஆளக் கொன்னுரும்."

தங்கை ஞாபகம் அவர் கண்ணில் தெரிந்தது. 

முறைப்படி அனுமதியெல்லாம் வாங்கினார். கால்நடை மருத்துவர் வந்து மயக்க ஊசி போட்டு, பெரியவனுக்கு மட்டும் அறுத்தார். சில வாரம் முன்புதான் தோல் உரிந்து பளபளவென்று முற்றியிருந்த கொம்பு. இளையவனுக்குப் பிஞ்சாக இருக்கிறது, தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மருத்துவர் கிளம்பினார். அவர் ஜீப் திரும்பியதும் இவர் ஆட்களை வைத்து இளையவனை வலையில் மடக்கி, கண்ணைச் சாக்கால் கட்டி, இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடால் அறுக்க வைத்தார். நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வந்தபோது வேலிக்கு வெளியே அஞ்சலையக்கா உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட் கையெல்லாம் ரத்தம்.

"புடிச்சிகினு இருன்னு சொன்னாருங்க. புடிச்சிகினு இருந்தேன். பீச்சி அடிக்குதுங்க டீச்சர். அது கத்துச்சு பாருங்க... மான் கத்தி நான் கேட்டதே இல்ல."

உள்ளே ஷட்டவுன் சார் இளையவனின் தலையில் மருந்துப் பொடியை அப்பிக்கொண்டிருந்தார்.  கொடூரமான மனிதர் என்று அவரைச் சொல்லிவிட்டுப் போனால் எனக்குச் சுலபம். அப்படிச் சொல்ல முடியாது. அன்று ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை என்று அக்கா சொன்னார். ஈ மொய்க்கக்கூடாது என்று மறுநாளிலிருந்து தானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். இளையவன் பிழைத்துக்கொண்டது. ஒரு பக்கக் கொம்பு மட்டும் பிறகு கோணலாகத்தான் முளைத்தது.

மொட்டையனை அன்று யாரும் தொடவில்லை. அதற்கு அறுக்க ஒன்றும் இல்லை. சில நாள் முன்னால்தான் கொம்பு தானாக விழுந்திருந்தது.

"இது வளந்தா என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம்" என்றார். பார்த்துக்கலாம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மொட்டையனுக்குக் கொம்பு வளர்ந்தது. மழைக்காலம் முழுக்கப் பிஞ்சாக இருந்து, தை பிறந்ததும் வேப்ப மரத்தில் தேய்த்து உரித்தது. மரப்பட்டை சிவந்து கிடந்தது. ஒரு காலை நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அஞ்சலையக்கா ஷட்டவுன் சார் வீட்டு கேட்டில் நின்றார். ஓடிவந்திருந்தார். சார் வெளியே வரும்வரை பொறுக்க முடியாமல் என்னிடமே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"பெரியவன் செத்துப் பூட்டுதுங்க டீச்சர். அந்த மொட்டையன் தண்ணித் தொட்டியாண்ட வந்து நின்னுச்சு. சும்மா ஒதுங்கிப் போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்க. இது போவல. எப்பவும் போலத் தலையக் குனிஞ்சிகினு நேராப் போச்சு. கொம்பு இருக்கிற மாதிரியே போச்சுங்க. இல்லன்னு அதுக்குத் தெரியவே இல்ல."

ஷட்டவுன் சார் எங்கள் பின்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தெரியாது.  பிறகு, "மொட்டையனுக்கும் அப்பவே அறுத்திருக்கணும்" என்றார்.

"அப்ப அதுக்கு இல்லியே சார்" என்றார் அஞ்சலையக்கா.

"வளர ஆரம்பிச்சதும் செஞ்சிருக்கணும்."

எனக்கு அவர்மேல் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயம் வந்தது. செத்த மானைப் பார்த்து ஒரு மனிதர் இதைத்தான் கற்றுக்கொள்வார் என்றால் அடுத்து என்ன செய்வாரோ என்று நினைத்தேன். அடுத்தது அந்த வருஷமே நடந்தது.

சரவணன் அப்போது ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாதான் சொல்லிச் சேர்த்துவிட்டார். ஊரில் அப்படிப் பல கான்ட்ராக்டர்கள் வருவார்கள், போவார்கள். இந்த ஆள் ஷூவும் கையுறையும் கொடுக்காமல் இழுத்தடித்தார் என்று தொழிலாளர்கள் அவருடைய ஷெட் வாசலில் தினமும் காலையில் கூட ஆரம்பித்தார்கள். பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. சரவணன் பேசினான். பள்ளியில் கேட்ட அதே குரல். எல்லோரும் அவன் பின்னால் நின்றார்கள். வயதில் மூத்தவர்கள்கூட அவனைத் தம்பி என்று கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள். அந்த நாட்களில் அவன் நடையே மாறியிருந்தது. என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "டீச்சர், நேத்து பேசினத கேட்டீங்களா?" என்பான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று அக்கா சொன்னார். மழைக்காலத்துச் சுவரைத் தடவுவதுபோல் அவன் தூங்கும்போது போய்ப் பார்த்துவிட்டு வருவாராம்.

ஒரு மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா, "டீச்சர், கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார். குரல் சரியில்லை. போனேன். சரவணன் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. உதடு பிளந்திருந்தது. அக்கா ஈரத் துணியை வைத்துக்கொண்டு கிட்டே போகப் பயந்து நின்றார். அப்பா நாற்காலியில் இருந்தார்.

"யாருப்பா அடிச்சது?" என்று கேட்டேன்.

"நம்ம பசங்கதான் டீச்சர்." மேல்மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "நான் பேசறதுக்கு ஏறி நின்னேன். ஒருத்தனும் கிட்ட வரல. எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. ஏன்னு எனக்குப் புரியல. நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். வித்துட்டியாடான்னு ஒருத்தன் சட்டையப் புடிச்சான். நீதான் நேத்தே போயி மன்னிப்புக் கேட்டுட்டியாமே, இங்க எவன ஏமாத்த வந்தேன்னு கேட்டான்."

"யாரு மன்னிப்புக் கேட்டது?" என்றார் அக்கா.

நாற்காலியிலிருந்து பதில் வந்தது. "நான்தான் போயி பேசிட்டு வந்தேன்."

 அவரே விளக்கினார். ஷட்டவுன் வேலையை விளக்குகிற அதே நிதானம்.

"இன்னும் கொஞ்ச நாள்ல உன்ன வெளிய தள்ளிடுவாங்க. கேஸு போடுவாங்க. அப்புறம் எங்கயும் வேலை கிடைக்காது. அது வர்றதுக்கு முன்னாடி நான் கான்ட்ராக்டர்கிட்ட போயி, பையன் இனிமே வரமாட்டான், தெரியாம பேசிட்டான், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அவரும் சரின்னுட்டாரு. சட்டை கிழிஞ்சதோட போச்சேன்னு நினைச்சுக்க."

கான்ட்ராக்டர் சும்மா இருப்பாரா? அன்று சாயங்காலமே ஆள் விட்டு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், உங்கள் தம்பி மன்னிப்புக் கேட்டாயிற்று என்று. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. சரவணனுக்கு மட்டும் தெரியாது. எனக்குப் பெரியவன் ஞாபகம் வந்தது. 

சரவணன் அழவில்லை, கத்தவில்லை. அப்பாவை நிமிர்ந்து பார்த்தான்.

"நேத்தே எங்கிட்ட சொல்லியிருந்தா நான் இன்னிக்கு அங்க போயிருக்க மாட்டேனேப்பா" என்றான்.

அதற்கப்புறம் அவன் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். வீட்டைவிட்டுப் போகவில்லை. அதே வீட்டில் இருந்தான், அதே சோற்றைத் தின்றான், சம்பாதித்ததை அம்மா கையில் கொடுத்தான். அப்பா கேட்கிற கேள்விக்கு அம்மாவிடம் பதில் சொல்வான். கொஞ்ச நாளில் மற்றவர்களிடம் பேசுவதும் குறைந்தது. அந்தக் குரல் எங்கே போனது என்றே தெரியவில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்துவான், ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கூடப் பேசிய மற்ற பையன்களில் இரண்டு பேர் மேல் அப்புறம் நிஜமாகவே கேஸ் வந்தது. அலைந்தார்கள், முடித்துக்கொண்டார்கள். ஒருவன் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன்.

"பாத்தீங்களா டீச்சர்? அந்தப் பசங்க கோர்ட்டுக்கு அலைஞ்சானுங்க. நம்ம பையன் மேல ஒரு கீறல் இல்ல" என்று சுவருக்கு மேலாக அவர் என்னிடம் சொன்னார். ஏதாவது சொல்லியிருப்பேன். பின்னால் அக்கா நின்று, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு வடலூரில் வாடகைக்குப் போனார்கள். மான்களை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். வேலிக்குள் இப்போது புல்தான் இருக்கிறது. அக்கா அடிக்கடி போன் செய்தார், பிறகு எப்போதாவது செய்தார், பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முன்கூட்டியே பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றிய மனிதருக்கு, பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த மனைவியின் உடம்பு கெட்டுக்கொண்டிருந்தது தெரியவில்லை. துக்கத்துக்குப் போனபோது அப்பாவும் மகனும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இனி அந்த வீட்டில் ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

போன மாதம் என் போன் கண்ணாடியில் விரிசல் விட்டது. வடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சரவணன் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான் என்று தெரியும். அங்கேயே போனேன். அவன் தலையில் நரை எட்டிப் பார்த்தது. "வாங்க டீச்சர்" என்று போனை வாங்கிக்கொண்டான். கடை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஷட்டவுன் சார் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் பாதியாகியிருந்தார். வீட்டில் தனியாக இருக்க முடியாமல் தினமும் இங்கே வந்து உட்கார்ந்துகொள்வாராம். மகன் வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை.

சரவணன் என் போனைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் வந்து சார்ஜரை மேஜைமேல் விட்டெறிந்தான். நேற்று வாங்கியதாம், வேலை செய்யவில்லையாம். அதற்கு அந்த ஆள் பேசிய பேச்சு காது கொடுத்துக் கேட்க முடியாதது. அம்மாவையெல்லாம் இழுத்தான். சரவணன் தலையைக் குனிந்துகொண்டே, "சரிங்க, மாத்திக் குடுக்கறேங்க" என்றான். வேறு சார்ஜரை எடுத்துக் கொடுத்தான். அந்த ஆள் போகும்போதும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனான். சரவணன் மறுபடி என் போனை எடுத்துக்கொண்டான். முகத்தில் எதுவும் இல்லை.

எனக்குத் தாங்கவில்லை. அவர் பக்கம் திரும்பினேன். அவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் நின்றது.

"முன்ன எல்லாம் இப்படிக் கேட்டுகினு இருக்க மாட்டான், டீச்சர்" என்றார் மெதுவாக.

நான் மேஜைமேல் கிடந்த பழைய சார்ஜரை ஓரமாக நகர்த்தி வைத்தேன். 

கொஞ்ச நேரம் கழித்து ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "அந்த மான் கொம்பு... அறுத்துட்டா மறுபடி வளர எத்தன மாசம் ஆவும்னு சொன்னீங்க?"

 அடிக்கட்டை விழ வேண்டும், அதற்கப்புறம் நாலைந்து மாதம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சரவணன் புதுக் கண்ணாடியை ஒட்டி, உள்ளே மாட்டிய காற்றுக் குமிழைக் கட்டை விரலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அது மானுக்குப்பா" என்றான்.

போனைத் துடைத்து என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதாவது சொல்வானா என்று.